தமிழாசிரியர் விடைபெறும் ஆண்டிறுதி: இடைநிலைப்பள்ளிப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை

ஆண்டிறுதியில் இடைநிலைப்பள்ளிகளிலிருந்து வரும் சமூகச் செய்திகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும். பணி ஓய்வு பெறும் ஆசிரியருக்குப் பொன்னாடை, மாலை, நினைவுப் பரிசு, மேடையில் முதல்வர், பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர், முன்னாள் மாணவர்கள், கடைசியில் ஒரு குழுப்படம். 'ஜசாமு டிக்கெனாங்' என்ற பெயரில் நடக்கும் இந்த விழாக்கள் அவசியமானவைதாம். முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவரை வெறுங்கையோடு அனுப்ப யாருக்கும் மனம் வராது. ஆனால் ஓய்வு பெறுபவர் அப்பள்ளியின் ஒரே தமிழாசிரியராக இருந்தால், செய்தியில் சொல்ல வேண்டிய இன்னொன்று விடுபட்டுப் போகிறது. ஜனவரியில் தமிழ் வகுப்புக்குள் யார் நுழையப் போகிறார்?

தமிழ்ப்பள்ளியில் ஓர் ஆசிரியர் போனால் பள்ளி நிற்காது. தேசிய இடைநிலைப்பள்ளியில் நிலைமை வேறு. பல பள்ளிகளில் தமிழுக்கு ஒருவர்தான் இருப்பார். அவரே மற்றொரு பாடத்தையும் நடத்துவார், தமிழ்மொழிக் கழகத்துக்கும் பொறுப்பாக இருப்பார், பொங்கல் விழாவையும் பார்த்துக்கொள்வார். அவர் ஒருவர் விலகும்போது இத்தனையும் ஒரே நாளில் ஆளில்லாமல் போகும்.

அரசு ஊழியர்களுக்கான கட்டாய ஓய்வு வயது 2012 ஜனவரி 1 முதல் 60. அதற்கு முன் 58 ஆக இருந்தது. இந்த வயது கணக்கிடப்படுவது பிறந்த நாளைக் கொண்டு, பள்ளி ஆண்டைக் கொண்டு அல்ல. எனவே ஓய்வு டிசம்பரில்தான் வரும் என்று நினைக்கக் கூடாது. ஏப்ரலில் பிறந்த ஆசிரியர் ஏப்ரலில் விடைபெறுவார், படிவம் ஐந்து மாணவர்கள் நடு ஆண்டில் கைவிடப்பட்டவர்கள் போல நிற்பார்கள். இன்னொரு வழியும் உண்டு. 40 வயதைத் தாண்டிய அரசு ஊழியர் விருப்ப ஓய்வுக்கு விண்ணப்பிக்கலாம். அண்மைய ஆண்டுகளில் ஆசிரியர்கள் இவ்வழியை நாடுவது அடிக்கடி பேசப்படும் விஷயமாகிவிட்டது. ஆனால் அவர்களின் வேலைச்சுமையைப் பற்றிய பேச்சு இங்கே அடங்காது.

மூன்றாவது காரணம் இடமாற்றம். கணவனோ மனைவியோ வேறு மாநிலத்தில் வேலை செய்வது, உடல்நலம் போன்ற காரணங்களைக் காட்டி ஆசிரியர்கள் 'ஈஜிதுக்கார்' இணைய முறையின் வழி மாற்றம் கேட்கலாம். மாற்றம் கிடைத்தவரைக் குறை சொல்ல இடமில்லை, அவருக்கும் குடும்பம் உண்டு. ஆனால் போகும் செய்தி பெற்றோருக்குக் கடைசியாகத்தான் எட்டுகிறது. பெரும்பாலும் பிள்ளை வீட்டுக்கு வந்து 'டீச்சர் மாறிப் போறாங்களாம்மா' என்று சொல்லும்போதுதான் தெரியவரும்.

இனி சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தேசிய இடைநிலைப்பள்ளிக்குத் தரும் விளக்கத்திலேயே தமிழ் இடம்பெறுகிறது. பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால், சீனம் அல்லது தமிழ்மொழி கற்பிப்பதற்கான வசதி செய்யப்பட வேண்டும். இதில் இரண்டு நுணுக்கங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, 15 என்பது 'பள்ளியில்' உள்ள மாணவர் எண்ணிக்கை. ஒரு வகுப்பில் 15 பேர், ஒரு படிவத்தில் 15 பேர் என்று சட்டம் சொல்லவில்லை. இரண்டாவது, பூர்வகுடி மொழிகளுக்கும் அரபு, ஜப்பானியம், பிரெஞ்சு போன்ற அயல்மொழிகளுக்கும் அதே விளக்கத்தில் 'நியாயமாகவும் நடைமுறைக்கு இயன்றதாகவும் இருந்தால்' என்ற நிபந்தனை சேர்க்கப்பட்டுள்ளது. சீனத்துக்கும் தமிழுக்கும் அந்த நிபந்தனை இல்லை. 'எங்கள் பிள்ளைகள் இந்தப் படிவத்தில் ஆறு பேர்தான்' என்று கூச்சப்பட்டுத் திரும்பிவிடும் பெற்றோர் இவ்விரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

சட்டத்தில் இன்னொரு சொல்லும் இருக்கிறது: கேட்டுக்கொண்டால். கேட்காமல் இருந்தால் அந்த விதி அசையாது. வாயால் கேட்பதைவிட எழுத்தில் கேட்பது மேல். பிள்ளையின் பெயர், படிவம், வகுப்பு, பெற்றோர் கையொப்பம் ஆகியவற்றோடு பள்ளி முதல்வருக்கு ஒரு கடிதமும், மாவட்டக் கல்வி இலாகாவுக்கு அதன் நகலும் போதும். பெற்றுக்கொண்டதற்கான முத்திரையைத் தங்கள் நகலில் வாங்கி வைத்துக்கொள்ள மறக்க வேண்டாம்.

15 பெரிய எண்ணிக்கை அல்ல. ஆனாலும் சில பள்ளிகள் அதை எட்டத் தடுமாறுகின்றன. தோட்டத்துப் பள்ளிகளைப் பார்த்தால் காரணம் புரியும். ஆறாம் ஆண்டு முடிக்கும் பத்துப் பதினைந்து பிள்ளைகள், பெற்றோர் குடியிருக்கும் இடத்தையும் வேலை செய்யும் இடத்தையும் பொறுத்து மூன்று நான்கு இடைநிலைப்பள்ளிகளுக்குப் பிரிந்து போகிறார்கள். ஒன்றாக இருந்திருந்தால் ஒரு வகுப்பாகியிருப்பவர்கள், ஆளுக்கொரு மூலையில் இரண்டு பேர், மூன்று பேர் என்று நிற்கிறார்கள். பட்டணத்துத் தாமான்களிலும் இதே கதைதான். எந்த இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு நடக்கிறது என்பதை ஆறாம் ஆண்டிலேயே தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரிடம் விசாரித்து, இயன்றவரை பிள்ளைகளை அங்கே சேர்ந்து அனுப்பினால் பாதிப் பிரச்சினை தீரும். புகுமுக வகுப்பில் இருக்கும் பிள்ளைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அவர்களும் அந்த இடைநிலைப்பள்ளியின் மாணவர்கள்தாம்.

எண்ணிக்கை கரையும் இன்னோர் இடம் மூன்றாம் படிவத்தின் முடிவு. 2022இல் பிடி3 தேர்வு அகற்றப்பட்டுவிட்டது. இப்போது ஆண்டிறுதிக் கல்வித் தேர்வு எனப்படும் 'உவாசா' மட்டுமே உள்ளது. நான்காம் படிவத்துக்குப் போகும்போது பழைய அறிவியல், கலைப் பிரிவுகளுக்குப் பதிலாகப் பாடத் தொகுப்புகளிலிருந்து தேர்ந்தெடுக்கிறார்கள். தமிழ் அங்கே கட்டாயப் பாடம் அல்ல. பாடத் தேர்வுப் படிவம் வீட்டுக்கு வரும், பிள்ளை நண்பன் எடுத்ததைப் பார்த்து எழுதும், அப்பா கையெழுத்துப் போடுவார். தமிழை எழுத மறந்தது ஜனவரியில்தான் தெரியும். அதற்குள் கால அட்டவணை முடிந்திருக்கும். கொரோனாவுக்குப் பிறகு மார்ச் வரை தள்ளிப்போன பள்ளித் தவணை 2026இல் ஜனவரிக்குத் திரும்பியிருப்பதால், இந்தத் தேர்வுகளும் அட்டவணை வேலைகளும் மறுபடியும் ஆண்டிறுதி மாதங்களில்தான் நெருக்கமாக நடக்கும்.

'தமிழ் எடுத்தால் பாடம் கூடிவிடும்' என்ற அச்சத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். எஸ்பிஎம் தேர்வில் 10 பாடங்கள் என்ற வரம்பு 2010இல் வந்தபோது, தமிழும் தமிழ் இலக்கியமும் அடிபட்டுப் போகும் என்று சமுதாயத்தில் எழுந்த எதிர்ப்பு சிறியதல்ல. அதன் பிறகே '10+2' ஏற்பாடு பிறந்தது. பத்துப் பாடங்களுக்கு மேல் இரண்டு பாடங்களைக் கூடுதலாக எழுதலாம். போராடிப் பெற்ற அந்த இரண்டு இடங்களைக் காலியாக விடுவதா என்பது ஒவ்வொரு குடும்பமும் எடுக்க வேண்டிய முடிவு.

மேலும், தமிழ் வகுப்பு எப்போது நடக்கிறது என்பதும் முக்கியம். பல பள்ளிகளில் அது பள்ளி முடிந்த பிறகோ சனிக்கிழமையிலோ நடக்கிறது. தோட்டத்திலிருந்து பள்ளிப் பேருந்தில் வரும் பிள்ளைக்கு மதியம் இரண்டு மணிக்கு மேல் வகுப்பு என்றால், பேருந்து போய்விடும். பிள்ளைக்குத் தமிழில் ஆர்வம் இல்லை என்று எழுதப்படும் சில குறிப்புகளுக்குப் பின்னால் இருப்பது பேருந்து நேரம்தான். தமிழ் பள்ளி நேரத்துக்குள் அட்டவணையில் இடம் பெறுமா என்பதை டிசம்பருக்கு முன்பே கேட்க வேண்டும். அட்டவணையில் உள்ள பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்றால், அந்தக் காலியிடம் இலாகாவின் கண்ணில் படும். அட்டவணையிலேயே இல்லாத பாடத்துக்கு ஆள் கேட்பது கடினம்.

இங்கேதான் பெற்றோர் ஆசிரியர் சங்கம் வருகிறது. 1998ஆம் ஆண்டு பெற்றோர் ஆசிரியர் சங்க விதிமுறைகளின்கீழ் இயங்கும் இச்சங்கத்தில், பள்ளியில் பயிலும் மாணவர்களின் பெற்றோர் எல்லாரும் உறுப்பினராகலாம். தேசிய இடைநிலைப்பள்ளிகளின் ஆண்டுக் கூட்டங்களில் நம்மவர்கள் பின்வரிசையில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதைக் காணலாம். மலாயில் பேசத் தயக்கமாக இருந்தால் தீர்மானத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம். சங்கத்துக்குச் செலுத்தும் தொகை நன்கொடைதான். அதைக் கட்டினால்தான் பிள்ளையைப் பதிவு செய்வோம் என்று எந்தப் பள்ளியும் சொல்ல முடியாது. வசதி குறைந்த பெற்றோர் பணம் கட்ட முடியவில்லை என்பதற்காகக் கூட்டத்துக்கே வராமல் இருப்பது வருத்தமானது. முதலாம் ஆண்டு முதல் ஆறாம் படிவம் வரை மாணவர்களுக்குத் தரப்படும் 150 ரிங்கிட் தொடக்கப் பள்ளி உதவித்தொகைக்கு 2023 முதல் குடும்ப வருமான வரம்பு கிடையாது. அதற்கும் சங்க நன்கொடைக்கும் தொடர்பில்லை.

ஆசிரியர் போவதால் பாதிக்கப்படும் தமிழ்மொழிக் கழகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொது உயர்கல்விக் கழகங்களுக்கான நுழைவு மதிப்பெண்ணில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கு, 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. கழகத்தில் செயலாளராகவோ பொருளாளராகவோ இருக்கும் பிள்ளைக்கு அந்தப் பொறுப்பு புள்ளிகளாகிறது. பொறுப்பாசிரியர் விடைபெறும் முன், அவ்வாண்டின் பதவிகளும் போட்டிச் சான்றிதழ்களும் முறையாகப் பதிவேறிவிட்டனவா என்று ஐந்தாம் படிவ மாணவர்கள் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். சான்றிதழ்களின் அசலைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து பின்னர் அலைவோர் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். பள்ளி விடுப்புச் சான்றிதழையும் அப்போதே கேட்டு வாங்கிவிடலாம்.

புதிய ஆசிரியர் உடனே கிடைக்காவிட்டால் என்ன செய்வது? பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சிலர் சனிக்கிழமைகளில் தாமாக முன்வந்து எஸ்பிஎம் மாணவர்களுக்கு வகுப்பு நடத்துவது நம் நாட்டில் புதிதல்ல. தமிழ் இலக்கியப் பாடம் இத்தனை ஆண்டுகள் நிலைத்ததே பெரும்பாலும் அப்படிப்பட்டவர்களால்தான். ஆனால் தொண்டு வகுப்பு ஒரு தற்காலிக ஏற்பாடுதான். அது நன்றாக நடக்கிறது என்பதையே காரணம் காட்டிக் காலியிடத்தை நிரப்பாமல் விட்டுவிடவும் வாய்ப்புண்டு. வகுப்பு நடக்கும்போதே இலாகாவுக்கான கடிதங்களும் போய்க்கொண்டிருக்க வேண்டும்.

விடைபெறும் விழாவைச் செய்தியாக அனுப்பும் ஏற்பாட்டாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சிறப்பு விருந்தினரின் பட்டங்களை வரிசையாக எழுதும் இடத்தில், அப்பள்ளியில் இப்போது தமிழ் பயிலும் மாணவர் எத்தனை பேர், அடுத்த தவணையில் பாடத்தை நடத்தப் போகிறவர் யார், இன்னும் முடிவாகவில்லை என்றால் எந்தத் தேதியில் யாருக்குக் கடிதம் கொடுக்கப்பட்டது என்ற மூன்று விவரங்களையும் சேர்த்து அனுப்பலாம். படத்துக்கு அடியில் இரண்டு வரி போதும்.