புகைத்தலும் முற்றிய சிறுநீரகப் புற்றுநோய்ச் சிகிச்சையும்

முற்றிய சிறுநீரகப் புற்றுநோய் என்பது சிறுநீரகத்தில் தோன்றிய புற்று அதனைச் சூழ்ந்த பகுதிகளுக்கோ, நுரையீரல், எலும்பு, கல்லீரல், மூளை முதலிய தொலை உறுப்புகளுக்கோ பரவிவிட்ட நிலை ஆகும். இந்நோய் தோன்றுவதற்கான காரணிகளுள் புகைத்தலும் ஒன்று என்பது நெடுங்காலமாக அறியப்பட்டதே. நோய் கண்டறியப்பட்ட பின்னரும் ஒருவர் தொடர்ந்து புகைப்பது சிகிச்சையின் பயனையும் அவரது வாழ்நாளையும் பாதிக்கின்றதா என்பது வேறொரு வினாவாகும். இவ்வினா குறித்த ஆய்வுகள் எண்ணிக்கையில் குறைவு. எனினும், நோய் வந்த பின் புகைத்தலைக் கைவிடுவதும் பயன் தரக்கூடும் என்பதை அவை காட்டுகின்றன.

நோய் தோன்றுவதில் புகைத்தலின் பங்கு

வளர்ந்தோரிடம் காணப்படும் சிறுநீரகப் புற்றுநோய்களுள் பெரும்பாலானவை சிறுநீரகக் கலப் புற்றுநோய் எனும் வகையைச் சேர்ந்தவை. புகைத்தல், உடற்பருமன், உயர் குருதி அழுத்தம் ஆகிய மூன்றும் இதன் முதன்மையான தீவாய்ப்புக் காரணிகள் ஆகும். 2004 ஆம் ஆண்டு வெளியான அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை, புகைத்தலால் விளையும் நோய்களின் பட்டியலில் சிறுநீரகப் புற்றுநோயைச் சேர்த்தது. 24 ஆய்வுகளைத் தொகுத்து 2005 இல் வெளியிடப்பட்ட பகுப்பாய்வொன்றின்படி, ஒருபோதும் புகைக்காதவரோடு ஒப்பிடுகையில் புகைத்த ஆண்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு 1.54 மடங்காகவும், பெண்களுக்கு 1.22 மடங்காகவும் இருந்தது. நாளொன்றுக்கு 20 சிகரெட்டுக்கு மேல் புகைத்த ஆண்களிடம் இது ஏறத்தாழ இரு மடங்கு ஆகும். நுரையீரற் புற்றுநோயோடு ஒப்பிட்டால் இவை சிறிய எண்களே. இந்நோய்க்கும் புகைக்கும் தொடர்புண்டு என்பதைப் பொதுமக்கள் பலர் அறியாமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

11 நாடுகளைச் சேர்ந்த 962 நோயாளிகளின் புற்றுக் கட்டிகளில் மரபணுத்தொகுதியை ஆராய்ந்து 2024 இல் வெளியான ஆய்வு, புகையிலை விட்டுச்செல்லும் மரபணுத் திடீர்மாற்றத் தடங்கள் புகைக்கும் வழக்கத்தோடு ஒத்துச் செல்வதைக் கண்டது. உடற்பருமனுக்கோ உயர் குருதி அழுத்தத்துக்கோ அத்தகைய தடம் எதுவும் காணப்படவில்லை.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2011 இல் வெளியிட்ட ஆய்வில், அறுவைச் சிகிச்சைக்கு வந்தோருள் புகைப்பவர்களிடம் நோய் முற்றிய நிலையில் இருப்பது கூடுதலாகக் காணப்பட்டது.

சிகிச்சையும் புகைத்தலும்

முற்றிய நோய்க்கான சிகிச்சை 2005 ஆம் ஆண்டுக்குப் பின்னர் பெரிதும் மாறியது. புற்றுக்குக் குருதி கொண்டுசெல்லும் புதிய நாளங்கள் உருவாவதைத் தடுக்கும் சோராஃபெனிப், சூனிட்டினிப் முதலிய மாத்திரைகள் முதலில் வந்தன. 2015 இல் நிவோலுமாப் எனும் எதிர்ப்பாற்றல் மருந்துக்கு அமெரிக்காவில் இந்நோய்க்கான ஒப்புதல் கிடைத்தது. பின்னர் இவ்விரு வகைகளையும் இணைத்துக் கொடுக்கும் முறையும் பரவியது.

சூனிட்டினிப் பெற்ற பரவிய நிலை நோயாளிகளைப் பற்றி 2014 இல் வெளியான பன்மைய ஆய்வொன்று, சிகிச்சைக் காலத்தில் புகைத்துக்கொண்டிருந்தவர்களை ஒரு பிரிவாகவும், புகைக்காதவர்களையும் முன்பே கைவிட்டவர்களையும் மற்றொரு பிரிவாகவும் கொண்டது. முதற்பிரிவினரிடம் மருந்தின் பயன் குறைந்தும், நோய் விரைவில் வளர்ந்தும், வாழ்நாள் சுருங்கியும் காணப்பட்டன. முன்னாள் புகைப்பாளர்களை இரண்டாம் பிரிவில் சேர்த்தது கவனிக்கத்தக்கது.

எதிர்ப்பாற்றல் மருந்துகளைப் பொறுத்தவரை நிலைமை தெளிவாக இல்லை. நுரையீரற் புற்றுநோயில் புகைத்தவர்களின் கட்டிகளில் திடீர்மாற்றங்கள் மிகுதி என்பதால், அவர்களிடம் இம்மருந்துகள் நன்கு செயற்படுவதுண்டு. இதைக் கொண்டு சிறுநீரகப் புற்றுநோயிலும் புகைத்தல் நன்மை செய்யும் எனக் கருதுவது பிழையாகும். சிறுநீரகக் கட்டிகளில் திடீர்மாற்றங்களின் எண்ணிக்கை குறைவு. அவ்வெண்ணிக்கை இங்கு மருந்தின் பயனை முன்னறியவும் பெரிதாக உதவவில்லை.

நோய் கண்டறிந்த பின் கைவிடுதல்

இத்துறையில் குறிப்பிடத்தக்க ஆய்வு, பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் அறிவியலாளர்கள் உருசிய மருத்துவர்களுடன் இணைந்து மாசுக்கோவில் நடத்தியதாகும். 2007 முதல் 2016 வரை சிறுநீரகக் கலப் புற்றுநோய் கண்டறியப்பட்டு, அவ்வேளையில் புகைத்துக்கொண்டிருந்த 212 பேர் இதிற் சேர்க்கப்பட்டனர். அவர்கள் 2020 வரை தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். புகைக்கின்றார்களா, விட்டுவிட்டார்களா என்பது ஆண்டுதோறும் கேட்டறியப்பட்டது. முந்தைய ஆய்வுகள் பலவும் மருத்துவமனைப் பதிவேட்டில் ஒருமுறை குறித்ததையே நம்பியிருந்தமையால், இம்முறை ஒரு முன்னேற்றம் ஆகும்.

ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் நோய் கண்டறிந்த பின் புகைத்தலைக் கைவிட்டனர். ஐந்தாண்டு முடிவில் கைவிட்டோருள் 85 விழுக்காட்டினரும், தொடர்ந்து புகைத்தோருள் 61 விழுக்காட்டினரும் உயிருடன் இருந்தனர். நோய் முன்னேறாமல் ஐந்தாண்டைக் கடந்தோர் முறையே 80, 57 விழுக்காட்டினர். வயது, நோய்நிலை முதலியவற்றுக்கு ஈடுசெய்து கணக்கிட்ட பின்னரும் கைவிட்டோரின் இறப்பு வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாக இருந்தது. குறைவாகப் புகைத்தவர், மிகுதியாகப் புகைத்தவர், தொடக்க நிலையில் வந்தவர், முற்றிய நிலையில் வந்தவர் ஆகிய எல்லாப் பிரிவினரிடமும் இப்பயன் காணப்பட்டது. "இனி விட்டு என்ன பயன்" என நோயாளியும், சிலவேளை உறவினரும் மருத்துவரும் எண்ணுவதற்கு இம்முடிவு மாறானது.

ஆயினும் இது நோக்கீட்டு ஆய்வே. புகைத்தலை விடுபவர் உணவு, மருந்து, உடற்பயிற்சி ஆகியவற்றிலும் கவனம் உடையவராக இருக்கக்கூடும். சீட்டுக்குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்துச் சிலரைப் புகைக்கவிடுவது அறமன்று என்பதால், இதனினும் வலுவான சான்று கிடைப்பது அரிது.

சாத்தியமான காரணங்கள்

புகையிலுள்ள கார்பனோராக்சைடு குருதி சுமக்கும் ஆக்சிசனின் அளவைக் குறைக்கின்றது. நிக்கோட்டின் புதிய குருதி நாளங்கள் வளர்வதைத் தூண்டுவது விலங்காய்வுகளில் காட்டப்பட்டுள்ளது. மேற்கூறிய மாத்திரைகள் தடுக்க முயல்வதும் இவ்வளர்ச்சியையே. எர்லோட்டினிப் எனும் நுரையீரற் புற்று மருந்தைப் புகைப்பவரின் கல்லீரல் விரைவில் சிதைத்துவிடும். ஆனால் சூனிட்டினிப்பைச் சிதைக்கும் முதன்மை நொதி புகையால் தூண்டப்படுவதன்று. எனவே அதே விளக்கம் இங்குப் பொருந்தாது.

புற்றோடு தொடர்பற்ற காரணங்களும் உள. நாளவளர்ச்சித் தடுப்பு மருந்துகள் குருதி அழுத்தத்தை உயர்த்துபவை. புகைத்தலும் சேரும்போது இதயத்துக்கு ஏற்படும் தீங்கு கூடுகின்றது. ஒரு சிறுநீரகம் அகற்றப்பட்டவருக்கு எஞ்சியதைக் காப்பது இன்றியமையாதது. புகைத்தல் நாட்பட்ட சிறுநீரக நோய்க்கும் காரணியாகும். அறுவைச் சிகிச்சைக்கு நான்கு வாரங்களுக்கு முன்னராவது கைவிட்டால் சிக்கல்கள் குறையும் என உலக சுகாதார அமைப்பு 2020 இல் தெரிவித்தது.

மருத்துவ உதவி

புகைத்தலைக் கைவிட உதவும் மருந்துகளை இந்நோயாளிகளுக்குத் தருவதில் தனிக்கவனம் தேவை. வரேனிக்கிளின் பெரும்பாலும் சிறுநீர் வழியே வெளியேறுவதால், சிறுநீரகச் செயல் மிகவும் குன்றியவருக்கு அதன் அளவு குறைக்கப்படும். புப்ரோப்பியான் வலிப்பைத் தூண்டக்கூடியது. ஆதலின் மூளைக்குப் புற்று பரவியவருக்கு ஏற்றதன்று. நாளவளர்ச்சித் தடுப்பு மருந்துகளால் வாய்ப்புண் உண்டானவருக்கு நிக்கோட்டின் மெல்லுகோந்தை விடத் தோலில் ஒட்டும் பட்டை வசதியானது.