ஒரு இரும்பு முக்காலியின் விலை

1565-ல் லூயிஸ் தெ அல்மெய்தா என்ற போர்ச்சுகீசியர் ஜப்பானின் சகாய் நகரத்தில் ஒரு பணக்கார வணிகர் வீட்டில் தங்கியிருந்தார். முதலில் அறுவை மருத்துவம் படித்தவர், அப்புறம் வியாபாரி, அதற்கும் அப்புறம் இயேசு சபைக்காரர். உடம்பு முடியாமல் அந்த வீட்டிலேயே சில வாரம் படுத்திருந்து, தேறிக் கிளம்பும்போது வீட்டுக்காரர் ஹிபியா ரியோகெய் அவரை ஒரு விருந்துக்குக் கூப்பிட்டார். விருந்து நடந்தது மாளிகையின் பெரிய கூடத்தில் இல்லை. ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய சின்னக் கதவு, குறுகலான நடை, அதைத் தாண்டி ஒரு சுத்தமான சிறிய இடம்.

அல்மெய்தா இதைப் பற்றி எழுதிய கடிதம் இன்றைக்கும் இருக்கிறது. சாப்பாட்டை அவர் பெரிதாகப் புகழவில்லை. ஆனால் பரிமாறிய ஒழுங்கும் சுத்தமும் உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாதது என்கிற ரீதியில் எழுதுகிறார். பிறகு ரியோகெய் தன் பொக்கிஷங்களைக் காட்டுகிறார். அதில் ஒன்று தேநீர்க் கெண்டியின் மூடியைக் கழற்றி வைக்கிற இரும்பு முக்காலி. தேய்ந்து போனது, உடைந்த இடங்களில் பற்றவைத்தது. அதை ஆயிரம் பொற்காசுக்கு மேல் கொடுத்து வாங்கியதாகவும், உண்மையான மதிப்பு அதைவிட அதிகம் என்றும் வீட்டுக்காரர் சொன்னாராம்.

"வீட்டில் எளிமையா, ஆனா அழகா ஒரு விருந்து வைக்கணும்" என்று இன்றைக்குத் தேடினால் யூடியூபில் ஆயிரம் வீடியோ வரும். வெள்ளை மேசைவிரிப்பு, ஒரே ஒரு பூ, நாலே நாலு பதார்த்தம். இந்த ரசனையை ஒரு முழு கலாசாரமாகவே ஊதி வளர்த்த இடம் 16-ம் நூற்றாண்டு ஜப்பான். அதன் வரலாற்றைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு அந்த ஓட்டை முக்காலிதான் கண் முன்னால் வந்து நிற்கிறது. எளிமைக்கு யார் விலை நிர்ணயித்தார்கள்? அந்த விலையை யார் கொடுத்தார்கள்?

கொஞ்சம் பின்னால் போகணும். சீனாவிலிருந்து 1191-ல் திரும்பிய எய்சாய் என்ற ஜென் துறவி தேயிலை விதைகளைக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். முதலில் அது மடத்துச் சமாசாரம். தியானத்தில் தூங்கி விழாமல் இருக்கக் குடித்தார்கள். 14-ம் நூற்றாண்டுக்குள் அது பெரிய மனிதர்களின் கேளிக்கையாகிவிட்டது. எந்தத் தோட்டத்துத் தேயிலை என்று ருசி பார்த்துக் கண்டுபிடிக்கிற போட்டி, அதன் மேல் பந்தயம், கூடவே குடி. அளவு மீறிப் போய், 1336-ல் புதிதாக ஆட்சிக்கு வந்த அஷிகாகா அரசு தன் சட்டத் தொகுப்பிலேயே இந்தச் சூதாட்டத் தேநீர்க் கூட்டங்களைக் கண்டிக்க வேண்டி வந்தது. அடுத்த நூறு ஆண்டில் பந்தயத்தின் இடத்தைக் காட்சிப்படுத்தல் பிடித்துக்கொண்டது. சீனத்துக் கிண்ணம், சீனத்து ஓவியம், சீனத்து ஜாடி என்று எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி வைத்து விருந்தாளியைப் பிரமிக்க வைப்பது.

இதிலிருந்து விலகியவர்களில் முதல் பெயர் முராடா ஜுகோ (1423–1502). சீனப் பொருள்களோடு ஜப்பானிய மண்பாண்டங்களையும் கலந்து பயன்படுத்தினார். அவர் வழியில் வந்த தகேனோ ஜோவோ (1502–1555) சகாய் நகரத்து வணிகர். அவரிடம் கற்றுக்கொண்டவர் சென் நோ ரிக்யூ. 1522-ல் அதே சகாயில், மீன் மொத்த வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். இந்தப் பட்டியலைக் கவனிச்சுப் பாருங்க. குடிசை அழகைக் கண்டுபிடித்தவர்களில் யாரும் குடிசையில் வாழ்ந்தவர்கள் இல்லை. சகாய் அன்றைக்குத் தன்னைத் தானே நிர்வகித்துக்கொண்ட துறைமுக நகரம், காசு புழங்கிய ஊர். அங்கே பெரிய வீட்டின் பின்கட்டில் ஒரு ஓலைக்கூரை, மண்சுவர் அறை கட்டிக்கொள்வதுதான் ஃபேஷன்.

ஆனால் இதை வெறும் பணக்கார விளையாட்டு என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. காரணம் அந்த அறைக்குள் நடந்தது.

கியோட்டோவுக்குப் பக்கத்தில் யமசாகியில் தைஆன் என்று ஒரு தேநீர் அறை இருக்கிறது. ரிக்யூ வடிவமைத்ததாகக் கருதப்படும் அறைகளில் இன்றைக்கு மிச்சமிருப்பது இது ஒன்றுதான். ஜப்பானின் தேசியப் பொக்கிஷம். காலம் 1582 வாக்கில். உட்காருமிடம் இரண்டே தடாமிப் பாய் அளவு, அதாவது சுமார் 40 சதுர அடி. நம்ம அபார்ட்மெண்ட் பாத்ரூம் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். வைக்கோல் கலந்த மண்சுவர், அழகுக்கென்று எதுவும் பூசவில்லை. உள்ளே போகும் வாசல் இரண்டரை அடி உயரம்தான். குனிந்து, முட்டி போட்டு, தவழ்ந்துதான் நுழைய முடியும். இடுப்பில் வாளோடு நுழைய முடியாது, வெளியே மாட்டிவிட்டு வரணும். தினமும் யாராவது யாரையாவது கொன்றுகொண்டிருந்த உள்நாட்டுப் போர்க்காலம் அது. அந்த ஊரில் ஒரு தளபதியும் ஒரு வியாபாரியும் ஆயுதமில்லாமல் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார ஒரு இடம்.

(இந்தக் குட்டி வாசலை ரிக்யூவே கண்டுபிடித்தார் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அவர் படகு வாசலைப் பார்த்துக் காப்பியடித்தார் என்றும் கதை உண்டு. 1565-லேயே சகாய் வீட்டில் ஒற்றை ஆள் நுழையும் கதவைப் பற்றி அல்மெய்தா எழுதியிருப்பதைப் பார்த்தால், குறுகி நுழைகிற யோசனை அந்த ஊர்க் காற்றிலேயே இருந்திருக்கிறது என்று நினைக்கத் தோன்றுகிறது. இரண்டும் ஒரே மாதிரி வாசல் என்று சொல்ல மாட்டேன்.)

அடுத்தது பரிமாறுதல். வீட்டுக்காரர் எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் அவரேதான் கரி அடுக்கணும், அவரேதான் தட்டைத் தூக்கிவந்து வைக்கணும், அவரேதான் கிண்ணத்தைத் துடைத்துத் தேநீர் கலக்கணும். நூறு வேலைக்காரர்கள் உள்ள பிரபுவுக்கும் இதே விதி. சாப்பாட்டுக்கும் கணக்கு உண்டு: சோறு, ஒரு சூப், மூன்று பதார்த்தம். அந்தக் காலத்து அரண்மனை விருந்துகளில் தட்டு மேல் தட்டாக வந்து, பாதி வெறும் பார்வைக்காக வைக்கப்பட்ட பதார்த்தங்கள். அதற்கு எதிராக, சூடாக, உண்மையிலேயே சாப்பிடக்கூடியதாக நாலு விஷயம். சாப்பிட்டு முடிந்ததும் விருந்தாளிகள் தோட்டத்துப் பெஞ்சில் போய்க் கொஞ்ச நேரம் உட்காருவார்கள். திரும்பி வந்தால் கெட்டியான தேநீர், ஒரே கிண்ணத்தில். ஆளுக்கு மூன்று வாய் குடித்து, வாய்வைத்த இடத்தைத் துடைத்து, அடுத்தவரிடம் கொடுக்கணும். எச்சில் பார்த்து வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் திக்கென்று இருக்கும். அந்தஸ்து பார்த்து வளர்ந்த அவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

ரிக்யூவைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த கதை, 1701-ல் தொகுக்கப்பட்ட ஒரு தேநீர்க் கதைத் தொகுப்பில் வருகிறது. அவர் இறந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு எழுதியது, அதனால் நடந்ததா என்று கேட்காதீர்கள். ஒரு குளிர்கால ராத்திரி, மொரிகுச்சி என்ற ஊரில் இருந்த ஒரு தேநீர் ரசிகர் வீட்டுக்கு ரிக்யூ சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்கிறார். எளிமையான வீடு, அவருக்குப் பிடித்துப்போகிறது. வீட்டுக்காரர் விளக்கும் கோலும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய், மரத்திலிருந்து இரண்டு யுசுப் பழம் பறித்து வருவது ஜன்னல் வழியே தெரிகிறது. நம்ம எலுமிச்சை, நார்த்தங்காய்க் குடும்பத்துப் பழம். இருப்பதை வைத்து உடனே ஏதோ சமைக்கப் போகிறார் என்று ரிக்யூவுக்கு ஒரே சந்தோஷம். முதல் பதார்த்தம் அந்தப் பழத்தில் செய்தது. இரண்டாவதாக வருகிறது அருமையான மீன் கமபோகோ, நேற்று ஒசாகாவிலிருந்து வந்தது என்ற விளக்கத்தோடு. ரிக்யூவின் முகம் மாறிவிடுகிறது. திடீர் விருந்தாளிக்கு ஒசாகா கமபோகோ எப்படித் தயாராக இருக்கும்? யாரோ முன்னாடியே தகவல் சொல்லியிருக்கிறார்கள். அப்போ அந்த விளக்கு, கோல், பழம் எல்லாம் நடிப்பு. வேலை இருக்கிறது என்று சொல்லி, பாதி விருந்திலேயே எழுந்து போய்விட்டாராம்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லாம் ரிக்யூவின் நுட்பத்தை மெச்சுவார்கள். எனக்கு அந்த வீட்டுக்காரர் மேல்தான் பரிதாபம். ஊரிலேயே பெரிய ஆசான் வருகிறார் என்று தெரிந்த பிறகு நல்லதாக ஒன்று வாங்கி வைக்காமல் யாரால் இருக்க முடியும்? எங்கள் வீட்டில் "சும்மா இருந்ததை வச்சு செஞ்சேன்" என்று சொல்லி வரும் கேசரிக்கு முந்திரி காலையிலேயே வாங்கி வந்திருக்கும்.

எளிமை ஒரு தேர்வு ஆனதும், அதில் பாஸ் பண்ணுவதற்கான செலவும் கூடவே வந்துவிடுகிறது. ஓடா நொபுனாகா தேநீர்ப் பாத்திரங்களை நிலம்போலவே பரிசாகப் பயன்படுத்தினார். அவருடைய தளபதி தகிகாவா கசுமாசு 1582-ல் போரில் வென்ற பிறகு ஒரு குறிப்பிட்ட தேயிலைக் குப்பியை எதிர்பார்த்திருந்தார். கிடைத்தது நாடு ஒன்று. நாடு கிடைத்ததற்கு அவர் வருத்தப்பட்டு எழுதிய கடிதம் பிரசித்தம்.

நொபுனாகாவுக்குப் பின் வந்தவர் தொயோதோமி ஹிதேயோஷி. ஒரு சாதாரணக் காலாள் வீரனின் மகன், நாட்டுக்கே அதிபதி ஆனவர். ரிக்யூ அவருடைய தேநீர் ஆசான். 1585-ல் ஹிதேயோஷி பேரரசருக்குத் தேநீர் விருந்து வைத்தபோதுதான் 'ரிக்யூ' என்ற பெயரே பேரரசரால் கொடுக்கப்பட்டது. அடுத்த வருஷம் அரண்மனையில் ஹிதேயோஷி தன் தங்க அறையைக் காட்டினார். மூன்று பாய் அளவு, கழற்றி மாட்டக்கூடியது, சுவரெல்லாம் தங்கத் தகடு, பாத்திரமும் தங்கம். அதே காலகட்டத்தில் ரிக்யூ, ஓடு செய்யும் குடும்பத்துச் சோஜிரோ என்பவரை வைத்துச் சக்கரமில்லாமல் கையாலேயே கருப்புக் கிண்ணங்கள் செய்யவைத்துக்கொண்டிருந்தார். ஹகாட்டா வணிகர் கமியாவின் 1590-ம் ஆண்டு நாட்குறிப்பில் ஒரு விஷயம் வருகிறது. ரிக்யூ கருப்புக் கிண்ணத்தில் தேநீர் கொடுத்துவிட்டு, அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வேறு கிண்ணத்தை மாற்றினார்; கருப்பு ஹிதேயோஷிக்குப் பிடிக்காது என்று காரணமும் சொன்னார். எஜமானுக்குப் பிடிக்காது என்று தெரிந்தே முதலில் அதில் கொடுத்திருக்கிறார் பாருங்க.

தங்க அறை வைத்திருந்த அதே ஹிதேயோஷிதான் 1587-ல் கிதானோ கோயில் தோப்பில் ஊருக்கே தேநீர் விருந்து அறிவித்தார். வேலைக்காரர், விவசாயி யார் வேண்டுமானாலும் வரலாம். ஒரு கெண்டி, ஒரு வாளி, ஒரு கிண்ணம் போதும். தேயிலை இல்லாவிட்டால் வறுத்த தானிய மாவைக் கரைத்தாலும் சரி. அறிவிப்பின் கடைசியில் மட்டும் அவருடைய சுயரூபம்: வராதவர்கள் இனிமேல் அந்த மாவைக்கூடக் கரைக்கக் கூடாது! பத்து நாள் என்று அறிவித்தது ஒரே நாளில் முடிந்துபோனது. ஆனாலும் என்னைக் கேட்டால், வறுத்த மாவு போதும் என்ற அந்த ஒரு வரி, சகாய் வணிகர்கள் சொன்ன எல்லா எளிமையையும்விட ஒரு படி மேலே. ஏழை அப்பனுக்குப் பிறந்தவனுக்குத்தான் தேயிலை வாங்க முடியாதவர்கள் உண்டு என்று தோன்றும்.

1591-ல், 70-வது வயதில், ரிக்யூ வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாக வேண்டும் என்று ஹிதேயோஷி உத்தரவிட்டார். சொல்லப்பட்ட குற்றங்கள் இரண்டு. டைதோகுஜி மடத்து வாசல் மாடியில் ரிக்யூவின் மரச்சிலை வைக்கப்பட்டது. அதற்குக் கீழேதான் அதிபதி நடந்து போக வேண்டும். இரண்டாவது, புதுத் தேநீர்ப் பாத்திரங்களை அநியாய விலைக்கு விற்றது. நாராவில் இருந்த ஒரு துறவியின் நாட்குறிப்பிலேயே இந்தப் புகார் பதிவாகியிருக்கிறது. அரசியல் காரணங்களை வைத்து நாவல், சினிமா எல்லாம் வந்துவிட்டன. ஆனால் அந்த இரண்டாவது புகாரை வெறும் சாக்கு என்று தாண்டிப் போகக் கூடாது. ரிக்யூ 'நல்லா இருக்கு' என்று சொன்னால் நேற்றுச் சுட்ட மண்கிண்ணத்துக்குப் பழைய சீனக் கிண்ணத்தின் விலை. 1590-ல் ஹிதேயோஷியின் படையெடுப்போடு போன இடத்தில் அவர் வெட்டிய மூங்கில் பூக்குழாய் ஒன்று, விரிசலோடு, இன்றைக்கு டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நமக்கும் இதில் ஒரு நூலிழை உண்டு. சோழமண்டலக் கரையின் அச்சுத் துணிகள் போர்ச்சுகீசிய, டச்சுக் கப்பல்களில் ஜப்பானுக்குப் போயின. 'சரசா' என்ற பெயரில் தேநீர் ரசிகர்கள் அவற்றைத் தேயிலைக் குப்பிகளுக்கு உறையாகத் தைத்துக்கொண்டார்கள். இங்கிருந்து போன கோடு போட்ட பருத்தித் துணிக்கு அங்கே பெயர் 'சாந்தொமே'. நம்ம மயிலாப்பூர் சாந்தோம்தான். ஒரு சாதாரணக் கோட்டுத் துணி ஏழு கடல் தாண்டினால் என்ன மரியாதை பாருங்க.

ரிக்யூவின் பேரன் சோதான் (1578–1658) தாத்தாவுக்கு நேர்ந்ததை மறக்கவில்லை. எந்தப் பிரபுவிடமும் வேலைக்குப் போக மறுத்தார். வறுமையிலேயே தேநீர் போட்டார், ஊர் அவரைப் 'பிச்சைக்காரச் சோதான்' என்றது. 70 வயதில் கட்டிய அறை இரண்டு பாய் அளவுகூடச் சரியாக வராது. ஆனால் தன் மகன்களுக்கு மட்டும் ஒவ்வொரு பெரிய பிரபுவிடமாக வேலை தேடி அலைந்தார், கிடைக்கவும் செய்தது. அந்த மூன்று மகன்கள் வழியாகத்தான் இன்றைக்கும் மூன்று சென் குடும்பங்கள் கியோட்டோவில் தேநீர் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கின்றன.