கையொப்பம் கேட்ட கல்விக்கூடங்கள்

நம் பாட்டனார் தலைமுறையில் "சிக்ஸ்த் ஃபார்ம் வரை படித்தவர்" என்றால் ஊரில் தனி மதிப்பு. அன்றைய சென்னை மாகாணப் பள்ளிகளில் அது பதினோராம் வகுப்பு; பள்ளியிறுதித் தேர்வெழுதும் ஆண்டு. அந்தச் சொல் பிறந்த இங்கிலாந்தில் அது இன்று பதினாறு வயதுக்குப் பிந்திய ஈராண்டுப் படிப்பைக் குறிக்கிறது. ஏ லெவல் தேர்வுக்கும், அதன் வழியே பல்கலைக்கழகத்துக்கும் செல்லும் பாதை அது. இலங்கைச் சகோதரர்கள் உயர்தரம் என்று அழைப்பதும் இதன் வழிவந்ததே. இந்நாட்டில் குடியேறி வாழும் நம் குடும்பப் பிள்ளைகள் ஆண்டுதோறும் அப்பாதையில் நடக்கிறார்கள். அதன் முடிவிலுள்ள வாசல் ஒரு காலத்தில் எவ்வாறு பூட்டப்பட்டிருந்தது என்பதை அறிந்தவர்கள் நம்மில் சிலரே.

ஆக்ஸ்ஃபோர்டில் 1581 முதல், சேர வரும் மாணவன் இங்கிலாந்துத் திருச்சபையின் 39 கொள்கை விதிகளை ஏற்றுக் கையொப்பமிட வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜில் படிப்பதற்குத் தடையில்லை. பட்டம் பெறும் வேளையில் அந்தக் கையொப்பம் கேட்கப்படும். கத்தோலிக்கரும் யூதரும், திருச்சபையோடு மாறுபட்ட பிற கிறிஸ்தவர்களும் இவ்வாறு வெளியே நிறுத்தப்பட்டார்கள். முஸ்லிம்களைத் தனியே குறிப்பிட வேண்டிய தேவையே அன்று எழவில்லை. ஆயினும் அரபு மொழிக்கு உள்ளே இடம் இருந்தது! கேம்பிரிட்ஜில் 1632இலும் ஆக்ஸ்ஃபோர்டில் 1636இலும் அரபுப் பேராசிரியர் பதவிகள் ஏற்படுத்தப்பட்டன. ஆக்ஸ்ஃபோர்டில் அப்பதவியை முதலில் வகித்தவர் எட்வர்ட் போகாக். அவருடைய மகன், இப்னு துஃபைல் எழுதிய ‘ஹய் இப்னு யக்ழான்’ நூலை லத்தீனில் பெயர்த்து 1671இல் வெளியிட்டார். இப்னு துஃபைலின் நூல் நுழைந்த அவ்வாசலில், அவருடைய மார்க்கத்தைப் பின்பற்றும் மாணவன் ஒருவன் தன் ஈமானை வைத்துக்கொண்டு நுழைந்திருக்க இயலாது.

யூதரான ஜேம்ஸ் ஜோசஃப் சில்வெஸ்டரின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டும். 1837இல் கேம்பிரிட்ஜின் கணிதத் தேர்வில் அவர் இரண்டாம் இடம் பெற்றார். கையொப்பமிட மறுத்ததால் பட்டம் இல்லை. பின்னாளில் உலகறிந்த கணித மேதையான அவருக்குக் கேம்பிரிட்ஜ் பட்டம் வழங்கியது 1872இல்; இடையே 35 ஆண்டுகள் ஓடிவிட்டன.

இதைப் படித்து நாம் பெருமூச்சு விடுமுன் நம் வீட்டையும் பார்த்துக்கொள்வது நல்லது. பாக்தாதில் 1067இல் திறக்கப்பட்ட நிழாமிய்யா மத்ரஸா, வக்ஃபின் நிபந்தனைப்படி ஷாஃபிஈ மத்ஹபினருக்கு உரியது. பதவிக்காக மத்ஹப் மாறியவர்களைப் பற்றிய செய்திகளும் நம் வரலாற்று நூல்களில் உண்டு. நான்கு மத்ஹபினருக்கும் ஒரே கூரையின்கீழ் இடமளித்த முஸ்தன்ஸிரிய்யா அதே நகரில் எழுந்தது 1234இல்தான்.

இங்கிலாந்தில் பூட்டை முதலில் உடைத்தது லண்டன். எவருடைய சமயத்தையும் கேட்காத கல்லூரி ஒன்று 1826இல் அங்கே நிறுவப்பட்டது. ஈராண்டுகளுக்குப் பின் கோவர் தெருவில் பாடங்கள் தொடங்கின. பட்டமில்லாத சில்வெஸ்டருக்கு 1838இல் ஆசிரியப் பணி கொடுத்ததும் அக்கல்லூரியே. தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் லண்டன் பல்கலைக்கழகம் 1836இல் அமைந்தது. குறிப்பிட்ட கல்லூரிகளில் படித்திருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும், மருத்துவம் நீங்கலாக, 1858இல் நீங்கியது. எங்கிருந்து படித்தாலும் தேர்வெழுதித் தேறினால் பட்டம் என்ற நிலை வந்தது. பழைய இரு பல்கலைக்கழகங்களும் 1854, 1856ஆம் ஆண்டுச் சட்டங்களால் சற்று இளகின. 1871ஆம் ஆண்டுச் சட்டம், சமயவியல் நீங்கலாக, மிச்சமிருந்த தடையையும் பெரும்பாலும் அகற்றியது.

இதன் பயன் நம்மவரை வந்தடைந்தது. இலங்கையில் 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, மாணவர்களை லண்டன் பட்டத் தேர்வுகளுக்கே ஆயத்தம் செய்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ் அங்கே பயின்று லண்டன் பட்டம் பெற்றார். இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவரே. அப்பதவியோடு நின்றுவிடாமல் 1945இல் முஸ்லிம் மாணவர்களுக்கென உபகார நிதி ஒன்றை நிறுவினார். 1948இல் அரசுப் பதவியை விட்டுக் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். தாம் நுழைந்த வாசலுக்குத் திரும்பி வந்து பிறருக்கு வழிகாட்டிய மனிதர் அவர்.

அத்தகையோர் தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. கையொப்பம் ஒழிந்த பின்னும் வழி தெரியாமை என்னும் வேறொரு பூட்டு எஞ்சியது. ஏ லெவல் தேர்வு 1951இல் வந்தது. விண்ணப்பங்களைப் பொதுவாகப் பெறும் அமைப்பு 1961இல் தோன்றி, 1993இல் இன்றைய யூகாஸ் ஆயிற்று. அதற்கு முன்னர் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனியே எழுத வேண்டும். ஏ லெவல் முடித்த பின்னும் ஒரு பருவம் பள்ளியில் தங்கி ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் வழக்கம் 1980கள் வரை இருந்தது. வசதி மிக்க தனியார் பள்ளிகளுக்கே அது எளிது. அங்கே படித்துவந்த ஆசிரியர்கள் அப்பள்ளிகளில் இருந்தார்கள். எப்போது, எதை, எவ்வாறு எழுதுவது என்பது மாணவனுக்குக் கேட்காமலே கிடைத்தது.

இன்று அந்த அறிவைச் சேர்க்கை அலுவலர்களும் அனுபவமிக்க சிக்ஸ்த் ஃபார்ம் ஆசிரியர்களும் பள்ளிகளுக்கு வந்து வெளிப்படையாகவே எடுத்துரைக்கிறார்கள். மருத்துவத்துக்கும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜுக்கும் விண்ணப்பம் அக்டோபர் 15க்குள் சேர வேண்டும். பிறவற்றுக்கு ஜனவரி வரை காலம் உண்டு. இறுதித் தேர்வுக்கு முன்பே ஆசிரியர் கணித்துத் தரும் மதிப்பெண்ணை வைத்தே பெரும்பாலும் இடம் முடிவாகிறது. மாணவன் தன்னைப்பற்றி எழுதும் கட்டுரை, 2026ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் மூன்று கேள்விகளுக்கான விடைகளாக மாற்றப்பட்டுள்ளது. இவை யாவற்றினும் முக்கியமானது பாடத்தேர்வு. பதினாறு வயதில் விட்டுவிட்ட பாடம் பதினெட்டு வயதில் ஒரு துறையையே அடைத்துவிடும்.

நம்மிடம் மாலையில் ஓத வரும் மாணவர் ஒருவருக்கு அதுவே நேர்ந்தது. மருத்துவராகும் ஆசை அவருக்குச் சிறுவயது முதலே உண்டு. கடினம் என்று வேதியியலை விட்டு வேறொரு பாடத்தை எடுத்துக்கொண்டார். பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் வேதியியலைக் கேட்கின்றன என்பது மறு ஆண்டு விண்ணப்பிக்கும்போதுதான் தெரிந்தது. "ஹஜ்ரத், இதை முன்னரே ஒருவர் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அவருடைய தந்தை நம்மிடம் கேட்டார். விசாரித்தோம். அவருடைய பள்ளியில் முந்திய ஆண்டே அதற்கென ஓர் உரை நடந்திருக்கிறது; ஒரு வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு. அந்நேரம் அம்மாணவரும் அவருடைய தோழர்களும் நம் முன்னால் குர்ஆனை விரித்து அமர்ந்திருந்தார்கள். பள்ளியிலிருந்து வந்த அறிவிப்பைக் காட்டி ஒருவர் விடுப்புக் கேட்டதும், நாம் மறுத்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

இவ்வாண்டு அந்த உரை நடக்கும் நாளில் மத்ரஸா வகுப்பு இல்லை என்று பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டோம். நாமும் அன்று பின்வரிசையில் அமர்ந்து கேட்கப் போகிறோம்.