டௌவின் ஊரின் குட்டி எஞ்சின்கள்

வேல்ஸ் நாட்டின் மேற்குக் கடலோரத்துச் சிற்றூர் டௌவின். அங்கே வார்ஃப் ரயில் நிலையக் கட்டடத்திலேயே அமைந்திருக்கிறது குறும்பாதை ரயில் அருங்காட்சியகம். இதன் வரலாற்றை டாலிலின் ரயில்பாதையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மலையில் வெட்டிய சிலேட்டுக் கல்லைக் கீழே கொண்டுவர 1860களில் போட்ட பாதை அது. தண்டவாளங்களுக்கு நடுவே 686 மில்லிமீட்டர்தான் இடைவெளி. 1946 டிசம்பரில் சுரங்கம் சரிந்து மூடப்பட்டது. ஏற்றச் சரக்கு இல்லாத நிலையிலும் உரிமையாளர் சர் ஹென்றி ஹெய்டன் ஜோன்ஸ் தம் காலம் முடியும்வரை ரயிலை நிறுத்தவில்லை. 1950 ஜூலையில் அவர் மறைந்தார். அக்டோபரிலேயே எழுத்தாளர் டாம் ரோல்ட் முதலானோர் பர்மிங்காமில் கூட்டம் போட்டுச் சங்கம் கண்டார்கள். 1951 மே 14 அன்று தொண்டர்களின் பொறுப்பில் முதல் ரயில் கிளம்பியது. ரயில்பாதை ஒன்றைத் தொண்டர்களே காப்பாற்றி ஓட்டியது உலகில் அதுவே முதல் முறை. அப்போது ஓடும் நிலையில் இருந்தது 1866ஆம் ஆண்டு எஞ்சினான 'டால்காக்' ஒன்றுதான். மூடப்பட்ட காரிஸ் பாதையின் இரண்டு எஞ்சின்களைத் தலா 25 பவுண்டுக்கு வாங்கிச் சேர்த்தார்கள்.

அருங்காட்சியகமும் இவர்கள் முயற்சியே. கல்குவாரிகளிலும் ஆலைகளிலும் உழைத்து ஓய்ந்த குட்டி எஞ்சின்கள் பழைய இரும்பு விலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கதியிலிருந்து தப்பி வந்தவற்றில் ஒன்று 'ஜார்ஜ் ஹென்றி'. 1877இல் கர்நார்வன் ஊரின் டி விண்டன் பட்டறையில் பிறந்து, பென்ரின் குவாரியில் உழைத்தது. நம் வீட்டுப் பின்கட்டுச் செம்பு வெந்நீர் பாய்லரைப் போல இதன் கொதிகலன் செங்குத்தாக நிற்கிறது. குவாரிக்குள் இடம் மிச்சப்படுத்தச் செய்த ஏற்பாடு.

என்னைக் கேட்டால், இங்கே அதிக நேரம் நின்று பார்க்க வேண்டியது டப்ளின் கின்னஸ் பீர் ஆலையின் 13ஆம் எண் எஞ்சின். 1895இல் செய்தது. ஆலைப் பொறியாளர் சாமுவேல் கேகன் வடிவமைத்தார். வழக்கமாகச் சக்கரத்தருகே இருக்கும் சிலிண்டர்களைக் கொதிகலனுக்கு மேலே தூக்கி வைத்துவிட்டார். தரையின் புழுதியும் அழுக்கும் அண்டாது. ஆலைக்குள் சிறு பாதை, வெளியே அயர்லாந்தின் அகலப் பாதை. இரண்டுக்கும் தனித்தனி எஞ்சின் எதற்கு என்று யோசித்து, இந்த எஞ்சினையே தூக்கி ஓர் அகல வண்டிக்குள் இறக்கினார்கள். இதன் சக்கரம் சுழல, உருளையும் பற்சக்கரமும் வழியாக அந்த வண்டி நகர்ந்தது. கைக்கு எட்டியதைக் கொண்டு காரியம் முடிக்கும் இந்தப் புத்தி பெரிய எஞ்சின்களில் இவ்வளவு வெளிப்படையாகத் தெரிவதில்லை.

'தாமஸ்' எஞ்சின் கதைகளை எழுதிய பாதிரியார் ஆட்ரியும் 1950களில் டாலிலின் பாதையில் தொண்டு செய்தவர். டால்காக் அவர் கதைகளில் 'ரெனியாஸ்' ஆனது. அவருடைய எழுத்து அறையை, அவர் வைத்திருந்த பொருள்களைக் கொண்டே இங்கு அமைத்திருக்கிறார்கள். இப்போதைய புதுக் கட்டடம் 2005இல் திறக்கப்பட்டது. எஞ்சின்களைத் துடைப்பதும் வருவோருக்கு விளக்கிச் சொல்வதும் இன்றும் தொண்டர்கள்தாம்.