தாயம் விழுந்தால் இன்னொரு ஆட்டம்: சேர்ந்து பெருகும் வேகத்தின் கதை

தாயக்கட்டையை ஒருவர் உருட்டுகிறார். ஐந்து விழுகிறது. ஐந்து விழுந்தால் மறுபடி உருட்டலாம். உருட்டினால் ஆறு. அதற்கும் மறுபடி உண்டு. இப்போது பன்னிரண்டு! அதற்கும் உண்டு. கடைசியில் மூன்று விழுந்து கட்டை கைமாறுகிறது. மொத்தம் 26. எதிரே உட்கார்ந்திருப்பவர் போன முறை போட்டதோ வெறும் இரண்டு.

சண்டை இங்கேதான் ஆரம்பிக்கும். இந்த 26-ஐயும் ஒரே காய்க்குக் கொடுக்கலாமா? ஒவ்வொன்றாக விழ விழ நகர்த்த வேண்டுமா, எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு கடைசியில் நகர்த்தலாமா? நடுவில் ஒரு காயை வெட்டினால் அதற்கும் ஓர் ஆட்டம் கிடைக்குமே, அதுவும் இதோடு சேருமா?

கேட்க அற்பமான சண்டை போலத் தோன்றும். ஆனால் வேகத்துக்குக் கிடைக்கும் போனஸ்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாமா என்ற கேள்வி, உலகில் நகர்வை அடிப்படையாகக் கொண்ட விளையாட்டுகள் பலவற்றுக்கும் பொதுவானது. தஞ்சாவூர்ப் பக்கத்துத் திண்ணைகளில் அதற்குச் சொன்ன பதிலைப் புரிந்துகொண்டால், அமெரிக்காவில் 2000-ம் ஆண்டு வந்த ஒரு தடித்த விதிப் புத்தகம் சொன்ன பதிலும் சுலபமாகப் புரிந்துவிடும்.

<b>கட்டையும் கட்டமும்</b>

தமிழ்நாட்டில் பகடை புதிதல்ல. கீழடி அகழாய்வில் பகடைக்காய்கள் கிடைத்திருக்கின்றன. திருக்குறளில் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் (94-வது) இருக்கிறது. உருட்டும் காய்க்குக் 'கவறு' என்றும், சூதாடும் இடத்துக்குக் 'கழகம்' என்றும் அதில் பெயர். இன்று அரசியல் கட்சிகளின் பெயரில் இருக்கும் அதே கழகம்தான்!

தாயக்கட்டம் சூதாட்டம் அல்ல. பந்தயம் வைக்காமல் வீட்டில் ஆடுவது. காவிரி டெல்டாவில் தை மாதம் சம்பா அறுவடை முடிந்து, வயலில் உளுந்தும் பயறும் விளைந்து, மேட்டூரில் தண்ணீர் திறக்கும் வரை வேலை குறைவு. கோடைப் பகலில் திண்ணையில் சுண்ணாம்புக் கட்டியாலோ கரியாலோ கட்டம் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். மார்கழியில் வைகுண்ட ஏகாதசி இரவு கண் விழிக்கப் பரமபதமும் தாயமும் துணை. பித்தளைக் கட்டை இல்லாத வீட்டில் சோழி. அதுவும் இல்லையென்றால் ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டை. காய்களுக்கு உடைந்த வளையலும் கூழாங்கல்லும் போதும்.

பித்தளைத் தாயக்கட்டைகள் இரண்டு. நீளமாக, நான்கு முகத்தோடு இருக்கும். ஒரு முகத்தில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, இன்னொன்றில் மூன்று, நான்காவது வெறுமை. இரண்டையும் உள்ளங்கைகளுக்கு நடுவே உரசி உருட்டினால் விழும் புள்ளிகளின் கூட்டல்தான் ஆட்டம். மொத்தம் ஒன்று என்றால் தாயம். இரண்டுமே வெறுமையாக விழுந்தால் பூஜ்யம் அல்ல, பன்னிரண்டு! ஒன்றுமே விழாதபோது மிகப் பெரிய எண் கிடைக்கிறது. பல வீடுகளில் 1, 5, 6, 12 ஆகிய நான்குக்கும் மறு ஆட்டம் உண்டு.

<b>கணக்குப் போட்டால்...</b>

நான்கு முகமும் சமமாக விழும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கட்டைக்கும் சேர்த்து 4 x 4 = 16 வழிகள். அவற்றில் 12-க்கு ஒரு வழி, தாயத்துக்கு இரண்டு, ஐந்துக்கு இரண்டு, ஆறுக்கு ஒன்று. ஆக 16-ல் 6 வழிகளில் மறு ஆட்டம். அதாவது எட்டில் மூன்று பங்கு.

ஓர் உருட்டலின் சராசரி 3.75 கட்டம். மறு ஆட்டமே இல்லையென்றால் ஒரு முறைக்குக் கிடைப்பது அவ்வளவுதான். மறு ஆட்டம் உண்டென்றால் ஒரு முறைக்குச் சராசரியாக 1.6 உருட்டல். 3.75-ஐ 1.6-ஆல் பெருக்கினால் சரியாக 6. வேகம் 60 சதவீதம் கூடிவிட்டது! ஏழுக்கு ஏழு கட்டத்தில் வெளிச்சுற்றில் 24 கட்டங்கள். போனஸ் இல்லாமல் சுற்றிவர ஆறு முறைக்கு மேல் ஆகும். போனஸோடு நான்கே முறை.

இதெல்லாம் சராசரிதான். உண்மையான சுவாரஸ்யம் தொடராக விழுவதில் இருக்கிறது. தொடர்ந்து மூன்று தடவை மறு ஆட்டம் கிடைக்கும் வாய்ப்பு 512-ல் 27. தோராயமாக இருபது முறைக்கு ஒன்று. ஓர் ஆட்டத்தில் நான்கு பேரும் மாறி மாறிப் பல முறை உருட்டுகிறார்கள். அதனால் யாராவது ஒருவருக்கு அது விழுந்தே தீரும். மேலே சொன்ன 26 அபூர்வம் அல்ல. பாதி ஆட்டத்தில் எல்லாரையும் எழுந்து நிற்க வைக்கும் சாதாரண சம்பவம்.

<b>வேகத்துக்குப் போட்ட கடிவாளம்</b>

இப்படிப் பெருகும் வேகத்தைச் சும்மா விட்டால் ஆட்டம் கெட்டுவிடும். முதலில் முந்தியவரே கடைசி வரை முந்துவார். மற்றவர்களுக்கு ஆர்வம் போய்விடும். தாயத்தின் மற்ற விதிகளை இந்தக் கண்ணோடு பார்த்தால் அவை எதற்கு இருக்கின்றன என்பது தெளிவாகும்.

முதலாவது, தாயம் விழாமல் காய் இறங்க முடியாது. ஐந்தும் ஆறும் எத்தனை விழுந்தாலும் வீண். தாயம் என்ற சொல்லுக்கு உரிமை, பங்கு என்றும் பொருள் உண்டு. தாயாதி என்ற சொல்லில் இருப்பதும் அதுதான். கட்டத்துக்குள் நுழையும் உரிமைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. ஓர் உருட்டலில் அது விழும் வாய்ப்பு எட்டில் ஒன்றுதான்.

இரண்டாவது, வெட்டு. தனியாக வேகமாக ஓடும் காய், குறுக்குக் கோடு போட்ட 'மலை'யில் ஏறி நிற்காவிட்டால் ஆபத்து. பின்னால் வருகிறவர் அதே கட்டத்தில் வந்து விழுந்தால் அந்தக் காய் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மறுபடியும் தாயத்துக்குக் காத்திருக்க வேண்டும். எவ்வளவு தூரம் ஓடியதோ அவ்வளவும் நஷ்டம்.

மூன்றாவது, பல வீடுகளில் ஒரு காயையாவது வெட்டாமல் உள்சுற்றுக்குள் போக முடியாது. வேகமாக ஓடி வந்தவரும் வாசலில் நின்று யாரையாவது வெட்டக் காத்திருக்க வேண்டியதுதான். வேகம் மட்டும் போதாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

நான்காவது, பழம் ஏறச் சரியான எண் வேண்டும். இரண்டு கட்டம் மீதி இருக்கும்போது 12 விழுந்து என்ன பயன்?

ஆக, தாயக்கட்டம் போனஸைக் குறைக்கவில்லை. அடுக்கிக்கொள் என்று தாராளமாக விட்டது. ஆனால் பாதையில் நான்கு இடத்தில் கதவு வைத்துப் பூட்டியது.

<b>வடக்கிலும் கடலுக்கு அப்பாலும்</b>

வட இந்தியாவின் பச்சீசி இதற்கு நெருங்கிய உறவு. பச்சீஸ் என்றால் 25. ஆறு சோழிகளும் கவிழ்ந்து விழுந்தால் கிடைக்கும் எண் அதுதான். இங்கே வெறுமைக்கு 12, அங்கே 25! அங்கே 6, 10, 25 ஆகியவற்றுக்கு மறு ஆட்டம் உண்டு. ஃபதேபூர் சிக்ரியில் அக்பரின் அரண்மனை முற்றத்தில் தரையிலேயே பெரிய பச்சீசிக் கட்டம் இருக்கிறது.

அமெரிக்காவில் இது 'பார்ச்சீஸி' ஆனது. 1874-ல் அந்தப் பெயர் வணிக முத்திரையாகப் பதிவானது. அதில் எதிரியின் காயை வெட்டினால் 20 கட்டமும், ஒரு காய் வீடு சேர்ந்தால் 10 கட்டமும் போனஸ். இங்கிலாந்தில் 1896-ல் காப்புரிமை பெற்ற லூடோவில் ஆறு விழுந்தால் மறு ஆட்டம். ஆனால் தொடர்ந்து மூன்று ஆறு விழுந்தால் அந்த முறையே செல்லாது என்ற விதி பரவலாக இருக்கிறது. திண்ணையில் பாதையின் மேல் போட்ட பூட்டை, லூடோ தொடரின் மேலேயே போட்டது.

<b>பெயர் வைத்துத் தீர்த்த சண்டை</b>

1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடுவது. இங்கே காய்க்குப் பதில் வீரன். ஆட்டத்துக்குப் பதில் அவன் ஒரு சுற்றில் எத்தனை அடி நடக்கலாம் என்ற கணக்கு. மனிதனுக்கு 30 அடி.

சிக்கல் அதேதான். ஒருவன் காட்டுவீரன் என்பதால் 10 அடி கூடுதல். மந்திரக் காலணிக்கு 10 அடி. வேகம் தரும் மந்திரத்துக்கு 30 அடி. எல்லாவற்றையும் அடுக்கலாமா? அடுக்கினால் 80 அடி!

2000-ல் வந்த மூன்றாம் பதிப்பும் 2003-ல் வந்த அதன் திருத்தமும் இதற்கு ஒரு வழி செய்தன. போனஸ்களுக்கு வகைப் பெயர் வைத்தார்கள். ஒரே வகைப் பெயர் கொண்ட இரண்டு போனஸ் வந்தால் பெரியது மட்டும் செல்லும். திருத்தப் பதிப்பின்படி காலணியும் மந்திரமும் ஒரே வகை. ஆகவே 10-ஐ விட்டு 30-ஐ எடுக்க வேண்டும். காட்டுவீரனின் 10 அடிக்கு வகைப் பெயர் கிடையாது, அது தனியாகச் சேரும். மொத்தம் 70 அடி. இரண்டு தடவை இரட்டிப்பானாலும் நான்கு மடங்கு கிடையாது, மூன்று மடங்குதான் என்றும் எழுதி வைத்தார்கள். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு இந்த வகைப் பெயர்களைக் கைவிட்டது. அதற்குப் பதில், மனதை ஒருமுகப்படுத்திக் காக்க வேண்டிய மந்திரங்களில் ஒருவர் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் காக்க முடியும் என்று கட்டியது.

வழிகள் வேறு, பிரச்சினை ஒன்றே. வேகத்தைச் சேர்க்க விடும் விளையாட்டு எதுவானாலும், அந்தச் சேர்க்கைக்கு எங்காவது ஓர் அணை கட்டியாக வேண்டும்.

<b>கடைமடைக்கும் தண்ணீர் போக வேண்டும்</b>

இது டெல்டாவுக்குப் புரியாத நியாயம் அல்ல. ஆற்றின் தலைப்பில் இருப்பவருக்குத் தண்ணீர் முதலில் வருகிறது. முதலில் நாற்று விடுகிறார், முதலில் நடுகிறார், முதலில் அறுக்கிறார். ஒரு வசதி அடுத்த வசதியைக் கூட்டி வருகிறது. நாகப்பட்டினம் பக்கத்துக் கடைமடை விவசாயி காத்துக்கொண்டே இருக்கிறார். அதனால்தான் தண்ணீர் குறையும்போது காவிரிக்கு இத்தனை நாள், வெண்ணாற்றுக்கு இத்தனை நாள் என்று முறை வைத்து விடுகிறார்கள். விளையாட்டிலும் பாசனத்திலும் சொல் ஒன்றுதான்: முறை.

இன்று தாயத்தின் இடத்தைக் கைப்பேசி லூடோ பிடித்துக்கொண்டது. 2016-ல் வந்த லூடோ கிங், 2020 ஊரடங்கில் வீடு வீடாகப் பரவியது. அதில் சண்டை இல்லை, ஏனென்றால் பேச்சே இல்லை. விதியை நிரல் எழுதியவர் முடிவு செய்துவிட்டார். திண்ணையில் அப்படியல்ல. "அஞ்சுக்கு மறு ஆட்டம் உண்டா? சேர்த்து வெச்சு ஆடலாமா? வெட்டுக்கு உண்டா?" என்று நான்கு பேரும் பேசி ஒத்துக்கொண்ட பிறகுதான் கட்டை உருளும். எவருக்கும் அநியாயம் ஆகக் கூடாது என்று விளையாடுகிறவர்களே உட்கார்ந்து சட்டம் செய்த இடம் அது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஒவ்வொரு பதிப்பும் நூலகத்தில் இருக்கும். ஒவ்வொரு வீட்டுத் தாயமும் ஒரு பாட்டியின் நினைவில் மட்டும் இருக்கிறது. தெருவுக்குத் தெரு மாறும் அந்த விதிகளை ஒரு நோட்டில் எழுதி வைக்க அரை மணி நேரம் போதும். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் ஓர் ஆட்டம் ஆடிவிட்டு, கையோடு எழுதிக்கொண்டும் வரலாம்.