கண்ணால் கற்ற இங்கிலீஷ்

திருநெல்வேலியை 'டின்னவெல்லி' என்றும், தூத்துக்குடியை 'டூட்டிகொரின்' என்றும், திருவல்லிக்கேணியை 'ட்ரிப்ளிகேன்' என்றும் வெள்ளைக்காரர்கள் சொன்னார்கள். எந்த வாத்தியாரும் அவர்களைப் பெஞ்சுமேல் ஏற்றவில்லை. சங்கரன்கோவில் பக்கத்து மேலநீலிதநல்லூர் ஒரு கலெக்டர் துரையின் வாயில் என்ன பாடு பட்டிருக்குமோ, நினைக்கவே பயமாக இருக்கிறது! ஆனால் அதே ஊர்ப் பையன் புதன்கிழமைக்கான இங்கிலீஷ் சொல்லை எழுத்துக்கு எழுத்து 'வெட்னஸ்டே' என்று வாசித்துவிட்டால் வகுப்பே சிரிக்கும்.

பையன் செய்தது தமிழ்ப் படிப்பின்படி நியாயமே. நம் எழுத்துக்களில் ஒரே 'ப' இடத்தைப் பார்த்து ஒலி மாறினாலும் அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. இங்கிலீஷில் கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லின் நடுவே ஒரு 'பி' உட்கார்ந்திருக்கிறது. வாயில் மட்டும் வரக்கூடாது. அந்த எழுத்து ஆதியில் அங்கே கிடையாது. பிற்காலத்துப் பண்டிதர்கள் லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காக நுழைத்தார்கள். பண்டிதர்கள் செருகிய எழுத்துக்கு நம் பையன் அடி வாங்கினான். 'ஸ்கூல்' நம்மவர் வாயில் 'இஸ்கூல்' ஆனதும் சோம்பலால் அல்ல. தமிழில் தனி மெய் சொல்லுக்கு முதலில் வராது.

கேட்கலாம் என்றால் யாரைக் கேட்பது? உபாத்தியாயர் இன்னொரு தமிழ் உபாத்தியாயரிடம் கற்றவர். அவர் தம் உபாத்தியாயரிடம். நாட்டுப்புறப் பள்ளிக்கூடங்களுக்கு இங்கிலீஷ் காது வழியாக வரவில்லை. புஸ்தகத்திலிருந்து, கண் வழியாக வந்தது.

இந்த வழியிலேயே மலையேறியவர் ஒருவர் உண்டு. வலங்கைமானில் 1869-இல் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி. திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலில் தலைமையாசிரியராக இருந்தவர். 1919-இல் சீமைக்குப் போனபோது வயது ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தது. அந்த நாக்கைத்தான் வெள்ளைக்காரர்களே 'வெள்ளி நாக்கு' என்று கொண்டாடினார்கள். காந்தியடிகளின் சுயசரிதையை மகாதேவ தேசாய் இங்கிலீஷில் மொழிபெயர்த்தார் அல்லவா? அதன் பிற்பதிப்பை வரிவரியாகத் திருத்திக் கொடுத்தவர் சாஸ்திரியார். தம் பெயரை வெளியிடக் கூடாது என்று நிபந்தனையும் போட்டார். பெயர் போடாமலே தேசாய் முன்னுரையில் நன்றி சொன்னார்.

சாஸ்திரியாரை நினைத்து நாம் பெருமைப்படலாம். ஆனால் அவரைக் காட்டி மற்றவர்களை வைவது எனக்குச் சம்மதமில்லை. ஹிமயத்தில் ஒருவர் ஏறிவிட்டார் என்பதற்காக ஊரில் எல்லோரையும் ஏறச் சொல்ல முடியுமா?

சாதாரணப் பையனுக்குச் சாதாரண பதில் வேண்டும். 'நீ சாப்பிடவில்லையா?' என்று கேட்டால் தமிழன் 'ஆமாம், சாப்பிடவில்லை' என்பான். அதையே இங்கிலீஷில் 'யெஸ்' என்று ஆரம்பித்தால் எதிரில் இருக்கிற துரைக்கு, சாப்பிட்டாயிற்று என்று அர்த்தம். பிழைப்பே போகலாம் இந்த ஒரு சொல்லில். கேள்வியில் உள்ளதை ஒப்புக்கொள்கிறோம் நாம். காரியம் நடந்ததா என்பதை மட்டும் பார்க்கிறது அந்தப் பாஷை. இங்கிலீஷ்காரரைக் கேட்டால் இதைச் சொல்ல மாட்டார். அவருக்கு இது ஒரு சந்தேகமாகவே தோன்றியிராது. பம்பாய் மாகாணத்து சிவில் உத்தியோகஸ்தர் விட்வொர்த் என்பவர் 1907-இல் இந்தியர்களின் பிழைகளைத் திரட்டி ஒரு புஸ்தகமே போட்டார். ஆனால் பிழையைப் பட்டியல் போடுவது வேறு, பிழை செய்கிறவனின் சந்தேகத்தைத் தீர்ப்பது வேறு.

சந்தேகத்தைத் தீர்க்கிற அகராதிகள் முளைத்த இடங்களைப் பாருங்கள். டாக்காவில் வங்காளிப் பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்த மைக்கேல் வெஸ்ட், 1935-இல் எண்டிகாட் என்பவருடன் சேர்ந்து ஓர் அகராதி வெளியிட்டார். அர்த்தம் சொல்ல 1,490 எளிய சொற்களுக்கு மேல் உபயோகிப்பதில்லை என்று கட்டுப்பாடு. ஹாரோல்ட் பாமர் 1922-இல் டோக்கியோவுக்குப் போய், ஜப்பானிய மாணவர்களுக்கு இங்கிலீஷ் கற்பிக்கும் முறையை ஆராய்ந்தார். ஜப்பானில் இலக்கியம் போதிக்கப் போன ஹார்ன்பி அவருடன் சேர்ந்துகொண்டார். யுத்தத்தின் நடுவே, 1942-இல், அவருடைய அகராதியை ஒரு ஜப்பானியப் பிரசுரகர்த்தர் அச்சிட்டார். பிரிட்டனும் ஜப்பானும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்த வருஷம் அது! 1948-இல் ஆக்ஸ்போர்ட் அதை வெளியிட்ட பிறகு நம் நாட்டு மேஜைகளுக்கும் வந்தது.

அதில் புதுமை என்ன? 'அட்வைஸ்' என்ற சொல்லுக்கு அர்த்தம் எல்லா அகராதியிலும் உண்டு. அதை ஒன்று, இரண்டு என்று எண்ணக் கூடாது, பன்மை விகுதி போடக் கூடாது என்பதை இங்கிலீஷ்காரருக்கு எழுதின அகராதி ஏன் சொல்ல வேண்டும்? ஹார்ன்பி சொன்னார். ஒவ்வொரு வினைச்சொல்லும் எந்த அமைப்பில் வரும் என்றும் காட்டினார். ஜப்பானிய மாணவன் எழுப்பிய சந்தேகத்துக்குக் கிடைத்த பதில் தமிழ்ப் பையனுக்கும் பொருந்தியது.

உச்சரிப்புக்கு விடை வர இன்னும் தாமதமாயிற்று. 1958-இல் ஹைதராபாத்தில் இங்கிலீஷுக்கென்று மத்திய நிலையம் ஏற்பட்டது. இந்தியர் பேசும் இங்கிலீஷ் பிறருக்கு எவ்வளவு புரிகிறது என்று ஆராய்ந்த பன்சாலின் நூல் 1969-இல் வந்தது. நாம் எழுத்தொலியைப் பற்றி எவ்வளவோ கவலைப்படுகிறோம். சொல்லில் எந்த அசையை அழுத்துவது என்பதில்தான் கேட்கிறவர் தடுமாறிப் போகிறார்.

இன்று மேலநீலிதநல்லூரில் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரி இருக்கிறது. கல்லூரி மாணவியின் கையிலுள்ள போனில் ஒரு சின்ன ஒலிபெருக்கிப் படம். தொட்டால் அது உச்சரித்துக் காட்டும். கால அட்டவணைக்குரிய சொல்லைத் தொட்டால் பிரிட்டிஷ் குரல் 'ஷெட்யூல்' என்கிறது, அமெரிக்கக் குரல் 'ஸ்கெட்ஜூல்' என்கிறது. நேர்முகத் தேர்வில் எதைச் சொல்ல வேண்டும் என்று அவள் கேட்டால், அந்தப் படத்தைத் தொட்டுப் பிரயோஜனமில்லை. வாத்தியாரைத்தான் தேடிப் போக வேண்டும்.