துணைவியையும் கேட்டனர்!

2024ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 5ஆம் நாள். நெதர்லாந்து நாட்டின் நிமேகன் நகரில் 93 வயது முதியவர் ஒருவரும், அதே வயதுடைய அவருடைய துணைவியாரும், ஒருவர் கையை மற்றவர் பற்றியபடி ஒன்றாகவே உயிர் நீத்தனர்.

விபத்தன்று, கொள்ளைநோயன்று, வறுமை விரட்டியதுமன்று. இருவரும் நோயால் நலிந்திருந்தனர். இருவரும் கேட்டனர், நாட்டின் சட்டம் இசைந்தது, மருத்துவம் துணை நின்றது. ஏடுகள் அச்செய்தியை உலகெங்கும் எடுத்துச் சென்றன. ஏனெனில் அந்த முதியவர் ஒருகாலத்தில் அந்நாட்டை ஆண்டவர். பெயர் திரீஸ் வான் ஆக்ட். துணைவியார் பெயர் யூஜெனி.

நாகையிலும் பழவேற்காட்டிலும் கோட்டை அமைத்து வணிகம் நடத்திய ஒல்லாந்தர் என நம் முன்னோர் அறிந்திருந்த மக்களின் நாடு அது. கடல் தந்த நிலத்தைக் கரை கட்டிக் காத்துக்கொண்ட நாடு. அந்நாடு சாவின் கரையிலும் ஒரு சட்டம் கட்டியது. அது கட்டப்பட்ட வரலாறும், அதில் வான் ஆக்ட் இணையர் வந்து நின்ற நிலையும் நாம் அறியத்தக்கவை.

யார் இந்த வான் ஆக்ட்? மதத்தை உதறிய புரட்சியாளரா? அல்லர். கத்தோலிக்கர். நிமேகன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பயின்று, அங்கேயே குற்றவியல் சட்டப் பேராசிரியராக விளங்கியவர். 1971 முதல் 1977 வரை நீதி அமைச்சர். 1977 முதல் 1982 வரை தலைமை அமைச்சர். கிறித்தவ சனநாயகக் கட்சியின் முதல் தலைவர். கருக்கலைப்பு நடக்கிறது என்பதற்காக ஒரு மருத்துவமனையை 1976இல் மூட முனைந்தவர். பெண்கள் திரண்டு உள்ளே அமர்ந்து, மூடவிடாது தடுத்தனர். பழைமையின் காவலர் என்றே அன்று அவரை எதிர்த்தோர் கருதினர்.

யூஜெனியை அவர் சந்தித்தது மாணவப் பருவத்தில், மணந்தது 1958இல். எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட தோழமை! முதுமையிலும் அவர் துணைவியாரை அழைத்தது ‘என் சின்னப்பெண்’ என்று பொருள்படும் சொல்லால்தான். பதவிகள் வந்தன, போயின. அந்தச் சொல் போகவில்லை. 2019இல் அவருக்கு மூளையில் குருதிக்கசிவு ஏற்பட்டது. மீண்டும் முழு நலம் பெறவில்லை. துணைவியாரும் நோயுற்றுத் தளர்ந்தார். ஒருவரை விட்டு ஒருவர் செல்ல இருவருக்கும் மனமில்லை.

இனி, சட்டத்தின் கதை.

1973ஆம் ஆண்டு. லேவார்டன் நகர வழக்குமன்றத்தில் ஒரு பெண் மருத்துவர் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார். பெயர் போஸ்ட்மா. அவருடைய தாய் மூளைக் குருதிக்கசிவால் முடங்கி, செவிப்புலன் குன்றி, காப்பகத்தில் கிடந்து, ‘என்னை விடுவி’ என்று மகளிடம் பலமுறை மன்றாடினார். மகள் விடுவித்தார், தானே அதைத் தெரிவிக்கவும் செய்தார். மன்றம் அவரைக் குற்றவாளி என்றது. தண்டனை? ஒரு வாரச் சிறை. அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட சிறை! சட்டத்தின் எழுத்தும் மக்களின் இதயமும் மோதிக்கொண்டபோது, நடுவர்கள் எழுத்துக்குத் தலையசைத்து, இதயத்துக்கு வழிவிட்டனர்.

அந்த நாளில் அந்நாட்டின் நீதி அமைச்சர் யார்? இதே வான் ஆக்ட்! எந்த நோய் அந்தத் தாயை வீழ்த்தியதோ அதே நோய், 46 ஆண்டு கழித்து அவரையும் வீழ்த்தியது. வரலாறு சில வேளைகளில் எவ்வளவு கூர்மையாகப் பேசுகிறது!

வழக்குக்குப் பின் அதே ஆண்டில், விரும்பிய முடிவுக்கான உரிமை கோரும் சங்கம் தோன்றியது. 1984இல், நோயாளியின் துன்பம் தீர்ப்பதா, சட்டம் காப்பதா என்ற இரு கடமைகளுக்கிடையே சிக்கிய மருத்துவர் அந்த நெருக்கடியைத் தம் காப்பாக எடுத்துரைக்கலாம் என உச்சநீதிமன்றம் ஏற்றது. வழக்கு வழக்காக, நெறி நெறியாக, முப்பது ஆண்டு உரையாடி, 2001இல் சட்டம் நிறைவேறி, 2002 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. நாடு முழுமைக்குமாக இத்தகைய சட்டத்தை நடைமுறைக்குக் கொணர்ந்த முதல் நாடு அதுவே. நாடாளுமன்றத்தில் அதை எதிர்த்து வாக்களித்த கட்சிகளுள் ஒன்று, வான் ஆக்ட் முதல் தலைவராயிருந்த கட்சி!

தம் கட்சி எதிர்த்த சட்டத்தை, தம் திருச்சபை கண்டித்த முடிவை, அவர் இறுதியில் நாடினார். கொள்கைக்கு முரண் என்று நகைப்போரும் உண்டு. மேடையில் நின்று பார்க்கும் துன்பம் வேறு. கட்டிலில் கிடந்து அறியும் துன்பம் வேறு என்றுதான் நாம் கொள்ளவேண்டும்.

அந்தச் சட்டம் சொல்வது என்ன? கேட்டவுடன் கொடு என்றா? இல்லை. வேண்டுகோள் நோயாளியினுடையதாக இருக்கவேண்டும். தானாக எழுந்ததாக, எண்ணித் துணிந்ததாக இருக்கவேண்டும். துன்பம் தாங்கொணாததாய், தீரும் வாய்ப்பற்றதாய் இருக்கவேண்டும். வேறு தக்க வழி இல்லை என்பதில் மருத்துவரும் நோயாளியும் ஒருமிக்கவேண்டும். தொடர்பற்ற மற்றொரு மருத்துவர் நேரில் கண்டு கருத்துரைக்கவேண்டும். முடிந்தபின் ஆய்வுக்குழுவுக்கு அறிக்கை செல்லவேண்டும். நெறி தவறிய மருத்துவர் வழக்கைச் சந்திக்க நேரும்.

இணையர் இருவர் ஒருங்கே கேட்டாலோ? அங்கேதான் அச்சட்டத்தின் நுட்பம் இருக்கிறது. இருவர் என்பதற்காக ஒரே விண்ணப்பம் ஆகாது. அவருடைய துன்பம் தனி. இவருடைய துன்பம் தனி. அவர் தகுதி பெற்றதால் இவர் தகுதி பெற்றவராகார். இருவர் கருத்தும் தனித்தனியே ஆராயப்படவேண்டும். 2022இல் அந்நாட்டில் இச்சட்டப்படி முடிவெய்தியதாக அறிவிக்கப்பட்டோர் 8,720 பேர். அவர்களுள் இணையராகச் சென்றோர் 29 இணையர் மட்டுமே.

இவ்வளவும் படித்தபின், தமிழ் நாட்டார் நெஞ்சில் ஒரு வினா எழாமல் இராது. ‘கணவனோடு மனைவி சாவதா? இதைத்தானே உடன்கட்டை என்றனர்? இதைத்தானே எதிர்த்தோம்? ஐரோப்பா செய்தால் மட்டும் அறமாகிவிடுமா?’

நல்ல வினா. நேரே விடை காண்போம்.

புறநானூற்றைப் புரட்டுங்கள். 245ஆம் பாட்டு, மனைவியை ஈமத்தீயில் இழந்த சேர மன்னன் மாக்கோதை, தான் இன்னும் உயிரோடிருப்பதை எண்ணிக் கசிந்து பாடியது. அடுத்த 246ஆம் பாட்டு, பூதப்பாண்டியனை இழந்த தேவி, தடுத்த சான்றோரைச் சினந்து, தீயிற் புகத் துணிந்து பாடியது. அடுத்தடுத்த பாட்டுகள்! இருவர் துயரும் உண்மைத் துயர். ஆனால் ஆண் அழுதான், வாழ்ந்தான். பெண் அழுதாள், எரிந்தாள். அரசிக்கு முன் இருந்த மற்றொரு வழியோ கைம்மை: வேளைக்கீரை உணவும் பரற்கல் படுக்கையும். தீயா, தீயினும் கொடிய வாழ்வா என்று இரண்டை வைத்துவிட்டு, ‘அவளே விரும்பினாள்’ என்று உரைப்பது என்ன நீதி?

பின்னாளில் அரசியின் துணிவும் வேண்டாததாயிற்று, வழக்கமே போதுமென்றாயிற்று. 1829 டிசம்பர் 4இல் பெண்டிங்கு பிரபு வங்கத்தில் தடை செய்தார். மறு ஆண்டு சென்னை மாகாணத்திலும் தடை வந்தது. அதற்குப் பிறகும், 1987 செப்டம்பரில், இராசத்தான் தேவராலா சிற்றூரில், 18 வயது ரூப் கன்வர் கணவனின் சிதையில் எரிந்தார். நோயில்லை அவருக்கு, முதுமையில்லை, வாழத் தொடங்கவே இல்லை.

உடன்கட்டை, கணவனின் சாவை மனைவியின் நோயாக்கியது. நிமேகனில் நடந்தது அதுவன்று. அங்கே யூஜெனி அம்மையார் நோயுற்றது தம் உடலில். சட்டம் ஆராயச் சொன்னது அவருடைய துன்பத்தை. கேட்கச் சொன்னது அவருடைய வாயை. ‘என் கணவர் போகிறார்’ என்பது மட்டுமே காரணமாக இருந்திருந்தால், அச்சட்டம் கதவைத் திறந்திராது.

ஐரோப்பாவிலும் இந்த எல்லை எப்போதும் காக்கப்பட்டதா? இல்லை. 1983 மார்ச்சில் இலண்டனில் எழுத்தாளர் ஆர்தர் கோஸ்லர் தம் வாழ்வை முடித்துக்கொண்டார். வயது 77, நடுக்குவாதமும் குருதிப் புற்றும் அவரை வாட்டின. உடன் இறந்தார் மனைவி சிந்தியா; வயது 55; கொடுநோய் எதுவும் இல்லாதவர். அங்கே மருத்துவ நெறியில்லை, ஆய்வில்லை, ‘அம்மையே, நீங்கள் ஏன்?’ என்று தனியே கேட்க ஒருவருமில்லை. உலகம் இன்றும் அந்தச் சாவை எண்ணிக் கலங்குகிறது. கலங்கவேண்டும்! எத்தனை ஆழமான அன்பாயினும், நலமுள்ள ஒருவரை மற்றவரின் சாவுக்குள் இழுக்குமானால், அதைப் புகழ்வது அறமன்று. அவரைப் பிடித்து நிறுத்தி, ஆறுதல் தந்து, வாழவைப்பதே அறம்.

எதிர்ப்பாளர் சொல்வதையும் செவிமடுப்போம். ‘பிள்ளைகளுக்குச் சுமையாகிவிட்டோமே’ என்ற ஏக்கத்தில் முதியவர் ‘விரும்புகிறேன்’ என்று சொல்லிவிடமாட்டாரா? அஞ்சத்தக்க ஐயம் அது. வலி தீர்க்கும் மருந்து கிடைக்காதவன் சாவைத் தேர்ந்தால், அவன் தேர்ந்தது சாவையன்று. மருந்தின்மை அவனைத் தள்ளியது. இங்கே நம் நாட்டின் கணக்கு நாணத்துக்குரியது. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் கடத்தல்காரனை விரட்டப் புறப்பட்டு, புற்றுநோயாளிக்கு உரிய மார்பினையும் எட்டாப் பொருளாக்கியது. 2014இல்தான் திருத்தம் வந்தது. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலிதணிப்புச் சங்கம், ஊர்மக்களே நோயாளியின் வீடு தேடிச் செல்லும் வழியைக் காட்டியது. அவ்வழி நாடெங்கும் பரவாமல் இறுதி உரிமை பேசுவது, சோறிடாமல் விரதத்தின் பெருமை பேசுவது போலாகும்.

இந்தியச் சட்டம் நெதர்லாந்தின் வழியில் செல்லவில்லை. மருத்துவர் உயிர் முடிக்க இங்கே இடமில்லை. ஆயின், மீளாநிலையில் கருவிகளால் உயிரை நீட்டிப்பது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை, 2018 மார்ச் 9இல் உச்சநீதிமன்றத்தின் ஐவர் ஆயம் ஏற்றது. 2023இல் நடைமுறையும் எளிதாயிற்று: சாட்சிகள் இருவர், நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு அலுவலர் ஒருவரின் சான்று. அவ்வளவே.

எத்தனை இல்லங்களில் அந்த ஏடு எழுதப்பட்டிருக்கிறது? நம் வழக்கம் வேறு. நோய் இன்னதென்று நோயாளியிடமே மறைப்போம். கணவனின் நோயை மனைவி அறிவாள், கணவன் அறியான்; மனைவியின் நோயை மகன் அறிவான், மனைவி அறியாள். கருவி பூட்டலாமா, கழற்றலாமா என்று உறவினர் வெளியே விவாதிப்பர். உள்ளே கிடப்பவரை எவரும் கேளார். மணநாளில் பெண்ணைக் கேளாது முடித்த அதே வழக்கம், மரணக்கட்டிலிலும் அவளைக் கேளாமல் முடிக்கிறது!

வான் ஆக்ட் இணையர் தேர்ந்த முடிவை எல்லோரும் தேரவேண்டும் என்பதன்று நம் உரை. பெரும்பாலோர் தேரமாட்டார், தேரவும் வேண்டா. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, அந்தச் சாவைச் சூழ்ந்திருந்த ஒரு பண்பு: இருவரிடமும் உண்மை உரைக்கப்பட வேண்டும், இருவர் சொல்லும் எடைபெற வேண்டும்.

அரை நூற்றாண்டு ஒன்றாய் உண்டு, உழைத்து, பிள்ளை வளர்த்து, நரைத்த இணையரே! வீட்டையும் நிலத்தையும் யாருக்கென்று எழுதிவைக்கிறீர்கள். இறுதி நாட்கள் எப்படி அமையவேண்டும் என்பதையும் நலமுள்ள போதே அமர்ந்து பேசுங்கள், எழுதுங்கள். அவர் சொல்வதை அவர் எழுதட்டும். அம்மையார் சொல்வதை அம்மையாரே எழுதட்டும். ஏடு இரண்டாக இருக்கட்டும். அதனால் இல்லறம் பிளவுபடாது. இல்லறம் என்பதே இரு மனிதர் கூடியது என்பது அன்றுதான் மெய்ப்படும்!